துடைக்க வேண்டாத மேசை

எங்கள் ஒட்டுக்கடையில் அந்தக் கிராணி ஐயா ஒன்பது வருஷம் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்தக் கடமை எனக்கு இன்னும் வரவில்லை.

கடை ஜோர்ஜ்டவுனில், ஃபெர்ரி ஜெட்டிக்குப் போகும் கடலோரச் சாலையில் இருந்தது. பாலம் வராத காலம். எங்கள் தீவிலிருந்து கடலைக் கடந்து அக்கரைக்குப் போகிற கார், லோரி எல்லாம் ஃபெர்ரியில் ஏறித்தான் போகவேண்டும். சனி ஞாயிறிலும் பெருநாள் சமயத்திலும் வரிசை எங்கள் கடையைத் தாண்டி வளைந்து நிற்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். காருக்குள் வெந்துபோய் இறங்கி வருகிறவர்களுக்கு என் கணவர் ரொட்டி தட்டுவார், நான் தேத்தண்ணி ஆற்றுவேன். பிள்ளை அழுகிற கார்களுக்கு நானே பால் கலக்கிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறேன். அந்த வரிசைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

கிராணி ஐயா சாலை விஷயமான ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். நாலரை மணிக்குச் சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, பச்சை நிறப் பிளாஸ்க். கடைசி மேசையில், சாலையைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். போகிற வண்டிகளை எண்ணிக் கோடு கிழிப்பார். கார் ஒரு பக்கம், லோரி ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். ஆபீசில் யாரும் கேட்டதில்லை, சம்பளமும் கிடையாது. அவருக்கு அது ஆசை. நடுவில் பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்து, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொள்வார். எழுந்து போனபின் அந்த மேசையைத் துடைக்க வேண்டிய வேலையே இருக்காது. எனக்கு எரிச்சலாக வரும். சாப்பாட்டுக் கடையில் துடைக்க வேண்டாத மேசை ஒன்று இருக்கலாமா?

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ரயில்வேயில் உத்தியோகம் என்று வந்தவர்கள். நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். அவர் வந்தால் என் கணவர் மாவுக் கையோடு எழுந்து நிற்பார். கடைக்குச் சொந்தக்காரன் எழுந்து நிற்க, ஒரு காசுக்கு வாங்காதவர் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கையால் குடிக்க மாட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன் ஐயா, எங்க கடை தண்ணி ஒங்களுக்கு ஆவாதா?"

"அப்பிடி இல்லை பிள்ளை. எனக்கு வெளியில ஒண்டும் சரிவராது. வயிறு."

நம்பவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் கவனித்தேன். சீனர் கோப்பிக் கடையிலும் பிளாஸ்க்தான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சங்கத்தில் நடந்த கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவப் போன ஒருத்தி சொன்னாள், அங்கேயும் பிளாஸ்க்தானாம். சாதிப் புத்தி என்றால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். இது அதுவும் இல்லை. யாரிடமும் எதுவும் வேண்டாத மனிதரை எதைச் சொல்லித் திட்டுவது?

ஒரு தீபாவளிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேன். "மெத்தப் பெரிய உபகாரம்" என்று வாங்கி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனார். நாலு நாள் கழித்தும் பொட்டலம் கூடையிலேயே கிடந்தது. மழையில் நனைந்து, காகிதம் கிழிந்து, எறும்பு மொய்த்து. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. தினமும் அந்தக் கூடையில்தான் பிளாஸ்கை வைத்தார்.

வழி கேட்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் படம் போட்டுக் கொடுப்பார். சந்து, முச்சந்தி, கோயில், விளக்குக் கம்பம் எல்லாம் இருக்கும். ஒருமுறை அக்கரைத் தோட்டத்திலிருந்து ஒரு வயசான அம்மா, மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பதறிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் ஒரு படம். மிக அழகான படம். அதை வாங்கிக்கொண்டு நாலு எட்டுப் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"தாயி, எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

நான் கடையை விட்டுவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கிராணி ஐயா நாற்காலியை விட்டு எழவில்லை. "படத்தில பஸ் நம்பரும் எழுதினனான்" என்றார், எனக்குத்தான் புத்தி போதாது என்பதுபோல.

இடையில் ஒருமுறை நீண்ட லீவு போட்டு அமெரிக்கா போனார். அவர் தம்பி அங்கே இருந்தார். வயோமிங், யூட்டா, நெவாடா என்று மேற்கே மலையும் பொட்டல் காடுமாக இருக்கிற மாநிலங்களில் தம்பியின் காரில் சுற்றியிருக்கிறார். திரும்பி வந்தவர் உயரமான கட்டடங்களைப் பற்றிச் சொல்லவில்லை, பனியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் பிசினஸ் லூப் என்ற ஒன்றைப் பற்றித்தான்.

"அங்க பெரிய ஹைவே ஊருக்குள்ள போகாது, ஊருக்கு வெளியால போகும். ஆனா ஊரைச் சாகவிட மாட்டினம். ஊர் வர முன்னம் பச்சையில ஒரு போர்ட் நிக்கும், பிசினஸ் லூப் எண்டு. அதில இறங்கினா பழைய றோட்டால ஊருக்குள்ள போய், கடைகள், ஹோட்டல், எண்ணெய் ஸ்டேஷன் எல்லாம் கடந்து, மற்றப் பக்கத்தால திரும்பவும் ஹைவேயில ஏறலாம். வழி தவறவே தவறாது."

"அப்ப அந்த ஊரு கடையெல்லாம் நல்லா ஓடுதுங்களா ஐயா?" என்று என் கணவர் கேட்டார். ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் ஓடாது? ஒவ்வொரு கடையும் றோட்டைப் பார்த்தபடிதானே இருக்கு."

"நீங்க எந்தக் கடையில சாப்பிட்டீங்க?" என்றேன் நான்.

"நாங்கள் ஏன் கடையில சாப்பிட? தம்பியின்ர மனுசி சோறும் கறியும் பெட்டியில கட்டித் தந்தவ. பதினொரு ஊர், பதினொரு லூப். ஒரு சதம் செலவில்லை" என்று பெருமையாகச் சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

பிறகு பாலம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் தூண் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப, கடைக்கு வருகிறவர்களெல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். பாலம் இறங்குவது ஊருக்குத் தெற்கே, எங்கள் சாலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில். கார்கள் இனி எங்கள் வாசல் பக்கமே வராது.

அப்போது என் நாத்தனார் செல்வி அக்கரையில் இருக்கிற பிறை என்ற ஊரிலிருந்து வந்தாள். என் கணவரின் தங்கச்சி, அங்கே வாழ்க்கைப்பட்டவள்.

"அண்ணே, புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரி வாசல் எதிருல எடம் இருக்கு. மூணு ஷிப்டு ஓடுது. பசியோட வெளிய வர்ற ஜனம்லா. எடத்துக்காரரு இந்த வாரத்துக்குள்ள சொல்லணும்னுட்டாரு."

என் கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்தது வேறெங்கும் இல்லை, கடைசி மேசையில்.

கிராணி ஐயா ஒரு முழுத் தாளை விரித்துப் படம் போட்டார். மேலே தீவு, கீழே அக்கரை, ஒரு பக்கம் பாலம், ஒரு பக்கம் ஃபெர்ரி.

"ரெண்டிலயும் தீவுக்கு வரேக்கைதான் காசு. திரும்பிப் போறது சும்மா. சரியே? அப்ப பாலத்தால வாறவன் திரும்பிப் போகப் பாலத்துக்கே ஏன் போகவேணும்? பாலத்தடியில ஒரு போர்ட் வைப்பம். பட்டணத்துக்கு வழி, ஃபெர்ரிக்கு வழி. பாலத்தால வந்து, பட்டணத்தைச் சுற்றி, உங்கட கடை வாசலால போய் ஃபெர்ரியில ஏறுவான். அசல் பிசினஸ் லூப். நான் ஆபீசில எழுதிக் குடுத்திட்டன். போர்ட் கட்டாயம் வரும். நீங்கள் இடத்தை விட்டுடாதேங்கோ."

வளையத்தின் மேல் எங்கள் கடையை ஒரு சின்னச் சதுரமாகப் போட்டிருந்தார். என் கணவர் அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். எந்த மாப்பிள்ளையும் பெண்ணின் படத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"போயிடலாங்க" என்று நான் சொன்னேன். "செல்வி சொல்றது கண்ணுக்குத் தெரியுற எடம். இவரு சொல்றது தாளுல இருக்கு."

"ஐயா ஆபீசுல இருக்கறவரு. நமக்கு என்னா தெரியும்?"

முழுப் பழியையும் அவர்கள் இரண்டு பேர் தலையில் போட்டுவிட்டால் எனக்கு வசதிதான். ஆனால் ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. வீடு தீவிலேயே, சுங்கை பினாங்கில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கத்தில். போர்டு வந்தால் நல்லதுதானே என்று நானும் ஒரு வாரம் ஆசைப்பட்டேன். இடத்துக்காரர் கொடுத்த தவணை முடிந்தது. செல்வியே அந்த இடத்தை எடுத்துக்கொண்டாள்.

பாலம் திறந்தார்கள். ஒரு வாரத்தில் வரிசை காணாமல் போனது. பெருநாளைக்குக்கூட ஃபெர்ரி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காருக்குக் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். கிராணி ஐயா தினமும் நாலரைக்கு வந்து, "கடுதாசி மேல போயிட்டுது", "கையெழுத்து ஆயிட்டுது", "போர்ட் எழுதுறான்" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்கைத் திறப்பார். எட்டு மாசம். என் வளையல் அடகுக்குப் போனது, பிறகு தாலிக்கொடியும் போனது.

போர்டு வந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். சொன்னபடி பச்சை போர்டு, வெள்ளை எழுத்து, பாலத்தடியில் ஒன்று, முச்சந்திகளில் ஒவ்வொன்று. என் கணவர் கடைக்குப் புதுச் சாயம் அடித்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பழைய நாட்களைப்போல நூறு ரொட்டிக்கு மாவு பிசைந்து உருட்டி வைத்தார்.

கார்களும் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வாசல் வழியே வந்து, ஜெட்டிக்குள் நுழைந்து, நேரே ஃபெர்ரியில் ஏறிப் போயின. ஒரு கார் நின்றது. என் கணவர் ஓடினார். ஃபெர்ரி இன்னும் ஓடுகிறதா என்று மலாயில் கேட்டார்கள். ஓடுகிறது என்று சொன்னார். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு ஜனங்கள் எங்களிடம் சாப்பிட்டது சாலை எங்கள் கடை வழியாகப் போனதால் அல்ல. எங்கள் வாசலில் போகமுடியாமல் நின்றார்கள், அதனால்தான் பசித்தது. ஓடுகிற காரில் இருப்பவனுக்கு எங்கள் ரொட்டி எதற்கு? இது தேத்தண்ணி விற்கிற எனக்கே தாமதமாகத் தெரிந்தது என்றால், வாழ்நாளில் ஒரு தேத்தண்ணி வாங்காத மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது!

பின்னேரம் மாவு புளித்த வாடை கடை முழுக்க இருந்தது. கிராணி ஐயா நோட்டை மூடினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இருநூற்றிப் பதினாலு வாகனம், பிள்ளை. நான் நினைச்சதைவிடக் கூட."

"ஒருத்தன்கூட எறங்கலியே ஐயா."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"இறங்கிறது அவையின்ர விருப்பம். வழி காட்டுறதுதானே எங்கட வேலை."

நான் மாவுத் தட்டைக் கீழே வைத்தேன். "நாளையிலேர்ந்து சாப்பிடறவங்க மட்டும்தான் இங்க உக்காரணும்" என்றேன். என் கணவர் "ஏய்" என்று அதட்டினார். கிராணி ஐயா கோபப்படவில்லை. "ஓம், அது நியாயம்" என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் கடையை மூடிச் சாமான்களை லோரியில் ஏற்றின அன்றைக்கும் அங்கேதான் இருந்தார். அந்த லோரிக்கும் ஒரு கோடு போட்டிருப்பார்.

என் கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போனார். கேட்டில் நின்று காருக்குச் சல்யூட் அடிக்கிற வேலை. நான் செல்வியின் கடையில் தட்டு கழுவப் போனேன். எனக்கு வரவேண்டிய கடையில் எனக்குச் சம்பளம். "அண்ணி, அந்தச் சட்டிய கொஞ்சம் தேய்ங்களேன்" என்று அவள் மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த மரியாதைதான் தாங்காது. வீட்டில் என்றைக்காவது வாய்விட்டு நான் அந்த ஆளைத் திட்டினால் என் கணவர் ஒன்றையே சொல்வார். "அவரு பொய் சொல்லலியே. போர்டு வந்துச்சே."

சில வருஷம் கழித்து அக்கரையில் புது நெடுஞ்சாலை வந்துகொண்டிருந்தது. செல்வி கடைக்கு எதிரே இருந்த தொழிற்சாலை பாதி ஆட்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. பழைய ரோட்டில் போகிற லோரிக்காரர்களை வைத்துத்தான் கடை ஓடியது. அவர்களும் இனிப் புதுச் சாலையில் போய்விடுவார்கள். நெடுஞ்சாலையோரம் வண்டிகள் நின்று இளைப்பாறுகிற இடத்தில் கடைகள் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு செல்வி அதற்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருந்தாள். கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. போவதா இருப்பதா என்று அவளுக்கு முடிவு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். தலை முழுக்க நரை. பிளாஸ்க் அதே பிளாஸ்க், பச்சைச் சாயம் உரிந்து தகரம் தெரிந்தது.

"பிள்ளை, இஞ்சையே இருக்கிறீர்?" என்றார் என்னைப் பார்த்து. ஒரு கூச்சமும் இல்லை. "இப்ப பென்ஷன். புதுச் சாலை வேலை பார்க்க வந்தனான். உங்கட பழைய வாசலாலதான் வந்தன். போர்ட் இன்னும் நிக்குது. நான் அப்பவே சொன்னனான், வந்ததுதானே?"

கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன்.

சாலையைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். செல்விக்கு அவரைத் தெரியாது. அந்தக் காலத்தில் ஆபீஸ்காரர் ஒருவர் எங்களைத் தடுத்தார் என்று மட்டும் தெரியும், அவள் ஆளைப் பார்த்ததில்லை. படித்த மனிதராகத் தெரிந்ததால் தன் விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். நீளமாக ஒரு கோடு, அதிலிருந்து பிரிந்து வளைந்து திரும்பச் சேருகிற இன்னொரு கோடு. வளைவின் மேல் ஒரு சின்னச் சதுரம்.

"இது உங்கட கடை. இடத்தை விட்டுடாதேங்கோ. நான் மேலிடத்துக்கு எழுதுறன்."

செல்வியின் விரல் மெதுவாகப் போய் அந்தச் சதுரத்தின் மேல் நின்றது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே மாதிரி விரல்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். என் கடை போனது, இவள் கடையும் போகட்டுமே. அந்த எண்ணம் வந்தபோது நன்றாகவும் இருந்தது. நாலரை மணி நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்த மனிதரும் இதைத்தானே செய்தார், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று அடுத்த நிமிஷம் தோன்றியது.

"அண்ணி," செல்வி திரும்பினாள். "ஐயா சொல்றாரு, போர்டு வருமாம். நீங்க என்னா சொல்றீங்க, வருமா?"

"வரும்" என்றேன். "இவரு சொன்னா போர்டு கண்டிப்பா வரும். ஆளுதான் எறங்க மாட்டான். நீ பாரத்தக் குடு."

செல்வி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. விரலைத் தாளிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாரத்தைத் தேட உள்ளே போனாள்.

கிராணி ஐயா தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தார். பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, ஒரு வாய் குடித்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். அடுத்த பஸ் வந்ததும் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, "வாறன் பிள்ளை" என்று சொல்லிப் போனார்.

நான் துணியை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனேன். ஒரு சொட்டு இல்லை, ஒரு துணுக்கு இல்லை. இருந்தாலும் கை வலிக்கிற வரைக்கும் துடைத்தேன்.